மே மாதத்து ஞானஸ்நானம்

பையைத் திறந்து பார்க்கக் கூடாது. இதோடு நான்கு தடவை பார்த்தாகிவிட்டது. இன்னொரு தடவை பார்த்தால் கதவோரம் நிற்கும் காவலாள் கவனிப்பான், கவனித்தால் இந்தப் பொம்பளை பையில் அப்படி என்ன வைத்திருக்கிறாள் என்று யோசிப்பான், யோசித்தால்... ஒன்றும் யோசிக்கமாட்டான், அவன் பாட்டுக்குச் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான், யோசிப்பதெல்லாம் நான்தான். பையில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று என் மகள் லிதியாவுக்கு. என்னுடையதைப் பற்றிக் கவலை இல்லை. எல்வீரா லாத்தெஸ் ஆகிய நான், காலஞ்சென்ற பியேரோ ரவேராவின் மனைவி, வயது நாற்பத்திரண்டு, யூத இனத்தைச் சேர்ந்தவள் என்று இதன்மூலம் அறிவிக்கிறேன். அவ்வளவுதான். இத்தாலியில் இருக்கும் அத்தனை யூதர்களும் தாங்களாகவே நகரசபைப் பதிவு அலுவலகத்துக்கு நடந்து போய் இப்படி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று 1938 நவம்பரில் சட்டம் வந்தது. கொடுக்காவிட்டால் சிறை. மார்ச் முதல் வாரத்தோடு கெடு முடிகிறது, இன்றைக்குப் பிப்ரவரி இருபத்துநான்கு, வெள்ளிக்கிழமை. கடைசி நேரத்தில் ஓடிவரும் பழக்கம் எனக்குக் கிடையாது, இருந்தும் இந்தத் தடவை தள்ளித் தள்ளிப் போட்டேன், காரணம் அந்த இரண்டாவது காகிதம். அது பொய்க் காகிதம். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதைப் பற்றி இங்கே நினைக்கவே கூடாது, முகத்தில் தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், பார்த்து எழுதிய பிள்ளையை முகத்தை வைத்தே பிடித்துவிடுவேன், காதுமடல் சிவந்திருக்கும், தேவைக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன்? நிமிர்ந்துதான். கொஞ்சம் சாய்ந்தேன். சாய்ந்தால் பை மடியிலிருந்து நழுவுகிறது. மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்தக் கூடத்துக்குப் பியேரோவோடு இரண்டு தடவை வந்திருக்கிறேன், கல்யாணத்தைப் பதிய ஒரு முறை, லிதியா பிறந்ததைப் பதிய ஒரு முறை. அவன் இறந்ததைப் பதிய வந்தபோது அவன் கூட இல்லை, அது நியாயம்தான். அப்போதெல்லாம் சுவரில் ராஜா படம் மட்டும் இருந்தது, இப்போது பக்கத்தில் தலைவர் படமும் இருக்கிறது, ராஜா படத்தைவிட ஒரு சாண் பெரியது. பார்க்காதே. பார்க்காமலே இருந்தாலும் சந்தேகம் வரும், எப்போதாவது ஒரு பார்வை பார்த்துவைப்பது நல்லது. பார்த்தாயிற்று. கையில் நாற்பத்தாறாம் எண் அட்டை, கவுண்ட்டரில் முப்பத்தெட்டு நிற்கிறது, ஆளுக்கு எட்டு நிமிஷம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். சட்டத்தை வேண்டுமானால் நினைக்கலாம், சட்டத்தை நினைப்பது குற்றம் இல்லை. தாய் தகப்பன் இருவரும் யூதர் என்றால் பிள்ளையும் யூதப் பிள்ளை, அதில் பேச்சே கிடையாது. ஒருவர் மட்டும் யூதர் என்றால், போன வருஷம் அக்டோபர் முதல் தேதி அன்று அந்தப் பிள்ளை வேறு மதத்தில் இருந்திருக்கவேண்டும். இருந்திருந்தால் அது ஆரியப் பிள்ளை, பழைய பள்ளிக்கூடத்துக்கே போகலாம், பழைய பெஞ்சில் உட்காரலாம். இல்லையென்றால் வீட்டில் கிட. அக்டோபர் முதல் தேதியைப் பற்றி எங்களுக்குச் சொன்னது நவம்பர் பதினேழாம் தேதி. விடைத்தாளையெல்லாம் வாங்கிக் கட்டிவைத்த பிறகு கேள்வியைப் படித்துக் காட்டியதுபோல. என் வகுப்பில் நான் அப்படிச் செய்திருந்தால் தலைமையாசிரியர் என்னை அன்றைக்கே கூப்பிட்டு அனுப்பியிருப்பார். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பியது வேறு விஷயத்துக்காக, செப்டம்பரில், யூத ஆசிரியர்களை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது. நாற்காலியில் உட்காரச் சொல்லாமல் சாவிகளை வாங்கிக்கொண்டார், பிறகு அலமாரியில் என்னுடைய அளவுகோல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், மரத்தில் செய்த பெரிய அளவுகோல், இருக்கிறது என்றேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். தெருவில் அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் வந்தது, கோபம் வரும்போதெல்லாம் நான் தப்பு செய்கிறேன், ஆகஸ்டிலும் அப்படித்தான் செய்தேன்.

ஆகஸ்ட் மாதம் பிளம்பழ ஜாம் கிளறிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவன், வெயிலில் கழுத்துப்பட்டை ஈரமாகி, கையில் கத்தைக் காகிதம். யூதக் குடும்பங்களை மட்டும் எண்ணுகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை, ஆனால் எதிர்வீட்டைத் தட்டாமல் நேரே என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், காகிதத்தில் பிசுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று. என் புத்தியைச் சொல்லவேண்டும். வேறு யாராக இருந்தாலும் பாதியை நிரப்பிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், நான் பேனாவில் புது மை ஊற்றி உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், எல்லாவற்றையும் எழுதிக் கீழே கோடும் போட்டேன். பிறகு மகளின் மதம் என்று ஒரு கட்டம் வந்தது. லிதியாவுக்கு மதம் கிடையாது. அவள் பிறந்தபோது கத்தோலிக்கனான பியேரோவும் நானும் பேசிவைத்திருந்தோம், இவளைத் தேவாலயத்துக்கும் கொண்டுபோக வேண்டாம், யூத ஜெபக்கூடத்திலும் பெயர் எழுதவேண்டாம், பதினெட்டு வயது ஆகட்டும், அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் எங்களோடு ஒரு வருஷம் பேசவில்லை, அந்த ஒரு வருஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆக, எழுத ஒன்றும் இல்லை. ஆனால் கட்டத்தைக் காலியாக விட என் கை வராது, பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் அதைத்தான் கத்தியிருக்கிறேன், விடை பூஜ்யம் என்றால் பூஜ்யத்தை எழுது, காலியாக விடாதே. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்த அந்த ஒரு கணத்தில் அவன் குரலைத் தாழ்த்தி, அந்தக் கட்டத்தை நீங்கள் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, தகப்பன்தான் நம்ம ஆளாயிற்றே என்றான். நம்ம ஆள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், இப்போது தெரிகிறது, அன்றைக்கு அது எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. என் மகளில் பாதியை இரக்கப்பட்டு மறைத்துவைக்க நீ யார்? யூத மதம் என்று எழுதினேன், அழுத்தி, கொட்டை எழுத்தில். எழுதி முடித்து அவனிடம் ஒரு நகல் கேட்டேன். நகல் கொடுக்க உத்தரவு இல்லை என்றான். அப்படியானால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதாவது கொடு என்று அடம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டேன். அடுப்பில் ஜாம் தீய்ந்துபோயிருந்தது.

அந்தக் காகிதம் இந்தக் கட்டடத்துக்குள் எங்கோதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, ஒரு நகலை இங்கேயே வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. அனுப்பியிருந்தால் நல்லது. எலி கரும்பியிருந்தாலும் நல்லது. கவுண்ட்டருக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஓர் அலமாரி, குமாஸ்தா ஒவ்வோர் ஆளுக்கும் அதைத் திறக்கிறாரா? முப்பத்தெட்டுக்குத் திறந்தார். முப்பத்தொன்பதுக்குத் திறக்கவில்லை. நாற்பதுக்கு எழுந்துபோனார், அலமாரி வரை போனார், பக்கத்துக் கணப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அவருக்கு ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறார், ஜலதோஷக்காரர்கள் சோம்பலாக இருப்பார்கள், எழுந்து போய்த் தேடமாட்டார்கள். அல்லது எரிச்சலில் இருப்பார்கள், எரிச்சலில் இருப்பவன்தான் தேடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செக்ரே கிழவர் என் முழங்கையைத் தொட்டார். கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்தவர், அவரிடம் குடை வாங்காத வீடு இந்த ஊரில் கிடையாது. கோட்டில் யுத்தத்தில் வாங்கிய வெண்கலப் பதக்கம், நன்றாகத் துலக்கிக் குத்தியிருக்கிறார். பதக்கம் வாங்கியவர்களுக்குச் சலுகை உண்டாம், மனு போட்டிருக்கிறாராம், மருமகன் எழுதிக் கொடுத்தானாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, மழை நாளைக்குத்தான் விடும் என்றார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, அவரிடம் இருப்பது உண்மையான பதக்கம், உண்மையான காயம், சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னாலும் காட்டலாம். பிறகு அந்தப் பொறாமையை நினைத்து வெட்கப்பட்டேன். அவர் என் மடியைப் பார்த்து, பையை ஏன் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், வெறும் காகிதம்தானே டீச்சர், கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான் என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், விரல்களைத் தளர்த்தினேன், அவர் வேறு பக்கம் திரும்பியதும் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

அம்புரோஜோ பாதிரியார்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். பியேரோவோடு வாரத்தில் மூன்று நாள் சீட்டாடியவர், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். டிசம்பரில் ஒரு நாள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னார். போன வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டில், மே மாதம் பன்னிரண்டாம் தேதிக்குக் கீழே, பக்கத்தின் அடியில், இடம் விட்டுப்போயிருக்கிறது, ஒரு பிள்ளைக்குத் தாராளமாகப் போதும் என்றார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நான் முதலில் சொன்னது, அது சட்டப்படி குற்றம் ஆயிற்றே என்பதுதான். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஆனால் அவருக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது, தேதியை மட்டும்தான் பொய்யாக எழுதுவேன், தண்ணீரைப் பொய்யாக ஊற்றமாட்டேன் என்றார். அதனால் ஜனவரியில், குளிரில், தேவாலயத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு லிதியாவுக்கு நிஜமாகவே ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீர் காதுக்குள் போய் அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். ஞானத்தாயாக நின்றது என் நாத்தனார் இர்மா. பியேரோவின் அக்கா, பிள்ளை இல்லாதவள், ஒன்பது வருஷமாக என் மகளை நான் நரகத்துக்கு அனுப்பப் பார்க்கிறேன் என்று நம்பியவள், நல்லவள், நல்லவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளைக் கவுன் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. அளவெடுக்காமல் எப்படி இவ்வளவு கச்சிதமாக என்று கேட்டேன், ஒவ்வொரு வருஷமும் ஒன்று தைத்து வைப்பேன், எப்போது தேவைப்படுமோ யாருக்குத் தெரியும் என்றாள். ஒவ்வொரு வருஷமும். அவள் வீட்டு அலமாரியில் என் மகளின் ஒன்பது வெள்ளைக் கவுன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவள் லிதியாவை அணைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான், எங்களுக்கு வந்திருக்கும் ஆபத்து அவளுக்கு ஒரு வரமாக வந்து சேர்ந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்க முடியவில்லை என்று அவளிடம் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. அவள் இல்லாமல் இது நடந்திருக்காது. நன்றி என்று சொன்னேன்.

நாற்பத்திரண்டு. செக்ரே போய்விட்டார், அவர் எண் நாற்பத்தொன்று, பதக்கத்தைக் கவுண்ட்டரில் கழற்றி வைத்துக் காட்டினார், குமாஸ்தா மரியாதையாகத் தலையாட்டினார், பிறகு எல்லாருக்கும் குத்தும் அதே முத்திரையை அவருக்கும் குத்தினார். லிதியா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? சமையலறை மேஜையில் பின்னக்கணக்கு பன்னிரண்டு கொடுத்துவிட்டு வந்தேன், ஆறு போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போயிருப்பாள். பத்தரைக்கு அவள் பழைய பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும், எங்கள் ஜன்னல் வரை கேட்கும், அப்போது இவளும் வீட்டில் ஆப்பிள் எடுத்துத் தின்பாள், மணி அடித்தால்தான் தின்பாள். அதைப் பார்த்துத்தான் பாதிரியாரிடம் சரி என்றேன், வேறு எதற்காகவும் இல்லை. யாராவது கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எப்போது ஞானஸ்நானம் ஆயிற்று? மே மாதம். அவ்வளவுதான் சொல்லவேண்டும், அதற்குமேல் வாயைத் திறக்காதே என்றேன். இரண்டாம் நாள் கேட்டபோது, மே மாதம், வெளியே ரோஜா பூத்திருந்தது என்றாள். மூன்றாம் நாள் ஒரு குளவி பறந்து வந்தது, பாதிரியார் பயந்து பின்னால் போனார். அவள் சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் குளவி தெரிந்தது. இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கத்தினேன், நீங்கதானே அம்மா சொல்லச் சொன்னீங்க என்றாள். என் மகள் நன்றாகப் பொய் சொல்லுகிறாள், என்னைவிட நன்றாக, அதைக் கற்றுக் கொடுத்தவள் நான். ஒன்பது வயதில் நான் அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு பென்சில் எடுத்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. இவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். தூங்கட்டும். குமாஸ்தா என்னிடமும் ரோஜாவா என்று கேட்பாரா? மே பன்னிரண்டு என்ன கிழமை? வியாழன். வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேனே, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்குமே! இதை யாரும் யோசிக்கவில்லை, பாதிரியார் யோசிக்கவில்லை, நான் யோசிக்கவில்லை, கணக்கு டீச்சராம். சாயங்காலம் என்று சொல்லலாம். சாயங்காலம் ஞானஸ்நானம் கொடுப்பார்களா? தெரியவில்லை. என் மதத்து விஷயங்களே எனக்குப் பாதி தெரியாது, அவர்களுடையது எப்படித் தெரியும்? இந்தக் காகிதத்தைக் கொடுக்காமலே வந்துவிட்டால்? என்னுடையதை மட்டும் கொடுத்துவிட்டு, மகளைப் பற்றிக் கேட்டால், ஆகஸ்டில் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டு. அப்புறம் எல்லா நாளும் பத்தரை மணிக்கு ஆப்பிள். நாற்பத்தைந்து கவுண்ட்டருக்குப் போயிற்று. நாற்பத்து மூன்றும் நான்கும் எப்போது போயின?

நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். கவுண்ட்டருக்குப் போய் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் குமாஸ்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்கு சிவந்து, விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. மன்னிக்கவேண்டும், ஜலதோஷம் என்றார். இவ்வளவு பணிவாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எரிந்து விழுந்திருந்தால் நானும் கோபத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். என் காகிதத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். தொழில் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இங்க முன்னாள் ஆசிரியைன்னு போடணும்ங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

முன்னாள் என்று எழுதினேன். பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு பெண், ஒன்பது வயது, தகப்பன் கத்தோலிக்கர் என்றேன். அடுத்ததைச் சொல்லும் முன்பே கை பைக்குள் போய்விட்டது, நான் இன்னும் முடிவு செய்யவில்லை, கை முடிவு செய்துவிட்டது. ஞானஸ்நானச் சான்றிதழைக் கவுண்ட்டரில் வைத்தேன். அவர் படித்தார். மே, பன்னிரண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து அலமாரிக்குப் போனார். இந்த முறை கணப்புக்குப் போகவில்லை, கதவைத் திறந்து, ஒரு கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, ர, ர, ர என்று முணுமுணுத்துக்கொண்டே புரட்டினார், புரட்டி ஒரு காகிதத்தை உருவினார். தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்தது, கீழே கோடு போட்ட பெயர்கள், கடைசிக் கட்டத்தில் அழுத்தி எழுதிய கொட்டை எழுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாதிரியாரைக் கைது செய்வார்கள், இர்மாவைச் சாட்சிக்கு இழுப்பார்கள், லிதியாவிடம் கேட்பார்கள், அவள் ரோஜா, குளவி என்று ஆரம்பிப்பாள், ஒரு தேர்ந்த ஆள் இரண்டு கேள்வியில் அந்தக் குளவியைப் பிடித்துவிடுவான். நான் மட்டும் போனால் போதாதா, எழுதியது நான்தானே.

"இது உங்க கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன்.

"மே மாசம் ஞானஸ்நானம் ஆன பிள்ளைக்கு ஆகஸ்ட்ல யூத மதம்னு எழுதியிருக்கீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார், கைக்குட்டையை மடித்தார், நிதானமாக மடித்தார். "தவறுதலா எழுதிட்டீங்க. அப்படித்தானே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆமாம், தவறுதலாக எழுதிவிட்டேன் என்றேன். அதையே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நிறையத் தாய்மார்கள் இப்படி எழுதிவிடுகிறார்கள், தங்களுடையதை எழுதும் வேகத்தில் பிள்ளைக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் என்றார். ஆகஸ்ட் மாதம் நான் எழுதியது தவறு என்று எழுதினேன், என் மகளுக்கு என்னிடமிருந்து வந்த பாதி தவறு என்று, கையெழுத்தும் போட்டேன். நான் வருத்தப்பட்டிருக்கவேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, உடம்பெல்லாம் சூடாக ஒரு சந்தோஷம் ஏறியது, திங்கட்கிழமையே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம், பழைய பையின் வார் அறுந்திருக்கிறது, அதை இன்றைக்கே தைக்கக் கொடுக்கவேண்டும், செருப்பு சின்னதாகியிருக்கும், ஐந்து மாதத்தில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்றெல்லாம் ஓடியது. குமாஸ்தா புதிய அட்டை ஒன்றை எடுத்து லிதியாவின் பெயரை எழுதினார், ரவேரா லிதியா, அழகான கையெழுத்து, இனம், ஆரியம். மதம், கத்தோலிக்கம். பிறகு, பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது என்று கேட்டார். என்கூடத்தான் என்றேன், சிரிப்பு இன்னும் வாயிலேயே இருந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு இதுவரை பேசியதைவிடத் தாழ்வாகப் பேசினார்.

"சட்டத்துல ஒரு பிரிவு இருக்குங்க. ஆரியப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை, ஆனா வளர்க்கிற தாய் யூத இனம். பிள்ளைக்குச் சரியான வளர்ப்பு கிடைக்கலைன்னு தெரிஞ்சா, தாய்க்குப் பிள்ளைமேல இருக்கிற உரிமையை எடுத்துடலாம். நான் என்கூடன்னு எழுதினா இந்த அட்டை மாடிக்குப் போகும். மாடியில இருக்கிறவங்க இந்த ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க, நான் பார்த்த மாதிரி பார்க்கமாட்டாங்க. தகப்பன் வழியில யாராவது இருக்காங்களா? அங்க வளருதுன்னா என் மேஜையோட முடிஞ்சிடும்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை சொந்தக்காரர்களும் செத்துப்போனார்கள் என்று சொல்லலாம். சான்றிதழில் ஞானத்தாயின் பெயர் இருக்கிறது, இர்மா ரவேரா, தகப்பனுக்கு அக்கா, அவர் முன்னாலேயே விரிந்து கிடக்கிறது, அவர் விரல் அந்த வரியின்மேல்தான் இருந்தது. சும்மா எழுதட்டும், பிள்ளை என்னோடுதானே இருக்கப்போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது. நான் நினைத்தது அவருக்குக் கேட்டதுபோலச் சொன்னார், எழுதினால் மட்டும் போதாது, திங்கட்கிழமைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ஓர் ஆள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பான், கட்டில், துணிமணி, எல்லாம் அங்கே இருக்கவேண்டும், பிள்ளையும் இருக்கவேண்டும், இரவிலும்கூட. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அடிக்கடி வேண்டாம் என்றார். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று இரவு இருக்கிறது. இர்மா சந்தோஷப்படுவாள், எவ்வளவு அடக்கினாலும் அவளுக்கு முகத்தில் தெரியும், கட்டிலைத் தூக்க நான் ஒரு பக்கம் பிடிக்கவேண்டும், அவள் ஒரு பக்கம் பிடிப்பாள்.

இர்மாவின் முகவரியைச் சொன்னேன். தெரு, வீட்டு எண், இரண்டாவது மாடி, இடதுபுறக் கதவு. எப்போதிலிருந்து அங்கே இருக்கிறாள் என்றார். தகப்பன் போனதிலிருந்து என்றேன். அது மூன்று வருஷம். மூன்று வருஷத்தையும் கொடுத்துவிட்டேன், காய்ச்சல், பல் விழுந்தது, பெருக்கல் வாய்ப்பாடு எல்லாவற்றையும். அவர் எழுதினார், மை காயும்வரை ஊதினார், பிறகு லிதியாவின் அட்டையைத் தனியாக வைத்துவிட்டு என்னுடைய அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்?"

அவர் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குப் பின்னால் நாற்பத்தேழு இருமினார்.

"ஒருத்தர்," என்றேன்.